"நாங்க அப்பவே கேட்டோமே மேடம்!"

போன வியாழக்கிழமை மதியம் ஓர் ஏ.ஆர்.டி. கூட்டம். சிறப்புக் கல்வி பற்றி முடிவெடுக்கும் குழுவை டெக்சாஸில் அப்படித்தான் சொல்வோம். மற்ற மாநிலங்களில் ஐ.இ.பி. கூட்டம் என்பார்கள்; ஐ.இ.பி. என்பது அந்தப் பிள்ளைக்கென்றே எழுதும் தனிக் கல்வித் திட்டம். குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலியில், முழங்கால் மேசையில் இடிக்க அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா, மடியில் ஒரு தடித்த ஃபைல். பையன் இரண்டாம் வகுப்பு. மதிப்பீட்டு அறிக்கையை நான் வாசித்து முடித்ததும் அப்பா கேட்டது ஒன்றுதான்.

"இந்த மதிப்பீடு வேணும்னு நாங்க கிண்டர்கார்டன்லயே கேட்டோமே மேடம். அப்பவே ஏன் செய்யல?"

"யார்கிட்ட கேட்டீங்க?"

"டீச்சர்கிட்ட. பிக்கப் லைன்ல ஒரு தடவை, அப்புறம் பேரன்ட் மீட்டிங்ல ஒரு தடவை. பார்க்கலாம்னு சொன்னாங்க."

எழுதிக் கொடுத்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அந்தத் தடித்த ஃபைலில் பிறப்புச் சான்றிதழ் முதல் தடுப்பூசி அட்டை வரை எல்லாம் இருந்தது, அந்த ஒரு தாள் மட்டும் இல்லை. இந்தக் கல்வியாண்டில் தமிழ்ப் பெற்றோரிடம் இதே பதிலை நான் கேட்பது இது நான்காவது முறை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வக்கீல் இல்லை. டல்லாஸைச் சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் பதினான்கு வருடமாக ஸ்பீச் தெரபிஸ்ட். சட்டப் புத்தகத்தைவிட அது மேசைக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை. அமெரிக்காவில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி இல்லை. அதற்கென்று மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த போர்டு, சொத்து வரி போடும் அதிகாரம், தனி நிர்வாகம் எல்லாம் பெரும்பாலும் உண்டு. ஆனால் சிறப்புக் கல்வியில் அந்த போர்டு தன் இஷ்டத்துக்கு எதையும் செய்துவிட முடியாது. மேலே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அதன் பெயர் ஐடியா. பெயரைக் கேட்டால் பழைய செல்போன் கம்பெனி ஞாபகம் வரும், என்ன செய்ய! 1975 நவம்பரில் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அது. இப்போதைய பெயர் 1990-இல் வந்தது. குறைபாடு உள்ள 3 முதல் 21 வயது வரையிலான பிள்ளைக்கு, அதற்குப் பொருத்தமான கல்வியைப் பைசா வாங்காமல் தர வேண்டும் என்பது அதன் சாரம். அப்படிப்பட்ட பிள்ளைகளை டிஸ்ட்ரிக்டே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது.

"அவங்களே கண்டுபிடிக்கணும்னு சட்டம் இருக்கே, நாங்க எதுக்குக் கேட்கணும்?" என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். சரிதான். ஆனால் வகுப்பில் இருபதுக்கும் மேல் பிள்ளைகள். நாற்காலியைத் தூக்கி எறியும் பையன் முதல் வாரமே கண்ணில் படுவான். மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்தே வேலையை முடித்துவிடும் நம் வீட்டுப் பிள்ளையை யாரும் தேட மாட்டார்கள். "வெரி ஸ்வீட் பாய்" என்று ரிப்போர்ட் கார்டில் எழுதுவார்கள். நீங்களும் சந்தோஷப்படுவீர்கள்.

கூட்டாட்சிச் சட்டம் உரிமையைச் சொல்கிறது. அதை எத்தனை நாளில், எந்தப் படிவத்தில், யார் செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் மாநிலம் வகுக்கிறது. செய்வது டிஸ்ட்ரிக்ட். பணம் யாருடையது என்றால் அங்கேதான் சிக்கல். சாதாரண மாணவர் ஒருவருக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை சிறப்புக் கல்விக்குத் தருவதாக 1975-இலேயே வாஷிங்டன் சொன்னது. அந்த அளவை ஒரு வருடம்கூட அது எட்டியதில்லை. சமீப வருடங்களில் 15 சதவீதத்துக்கும் கீழேதான். மிச்சம் மாநில நிதியிலும் உங்கள் சொத்து வரியிலும் இருந்து வருகிறது. செலவு ஓரிடத்தில், உத்தரவு வேறிடத்தில் என்று இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

2004-இல் மாநிலக் கல்வித் துறை, டிஸ்ட்ரிக்டுகளை மதிப்பிடும் அளவுகோல்களில் ஒன்றாக 8.5 சதவீதம் என்ற எண்ணை வைத்தது. மொத்த மாணவர்களில் அதற்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் டிஸ்ட்ரிக்டுக்கு மதிப்பெண் குறையும், மேலிடத்தின் பார்வை விழும். யாரும் "பிள்ளைகளைத் திருப்பி அனுப்புங்கள்" என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. நாட்டின் சராசரி 13 சதவீதத்தை ஒட்டி இருந்தபோது, டெக்சாஸின் எண்ணிக்கை வருடா வருடம் இறங்கி, 2015-இல் 8.5-இல் வந்து நின்றது. 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. 2017-இல் மாநிலச் சட்டமன்றம் அப்படி எண் வைப்பதையே தடை செய்தது. 2018 ஜனவரியில், டெக்சாஸ் ஐடியா சட்டத்தை மீறியது என்று மத்தியக் கல்வித் துறை அறிவித்தது. எண் போய்விட்டது. "கொஞ்சம் பார்க்கலாம், அவசரம் வேண்டாம்" என்கிற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? என்னோடு வேலை பார்ப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. கை நிறைய கேஸ் வைத்துக்கொண்டு ராத்திரி வீட்டில் அறிக்கை எழுதுகிறவர்கள். ஆனால் வரிசையில் எழுத்தில் வந்த கேஸ் முதலில் நகரும், வாயில் வந்தது நகராது.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். "கேட்டோம்" என்றால் என்ன?

டெக்சாஸ் சட்டப்படி, பிள்ளைக்கு மதிப்பீடு வேண்டும் என்று சிறப்புக் கல்வி இயக்குநருக்கோ பள்ளி நிர்வாகப் பொறுப்பில் உள்ளவருக்கோ நீங்கள் எழுத்தில் கொடுத்தால், 15 பள்ளி நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். ஒன்று, "செய்கிறோம், இதில் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒப்புதல் படிவம். அல்லது "செய்ய மாட்டோம், காரணம் இது" என்று எழுத்தில் மறுப்பு. மூன்றாவது வழி கிடையாது. நீங்கள் ஒப்புதல் கொடுத்தபின் பொதுவாக 45 பள்ளி நாட்களுக்குள் மதிப்பீட்டு அறிக்கை தயாராக வேண்டும். அதிலிருந்து 30 நாட்களுக்குள் கூட்டம். பிக்கப் லைனில் கார் கண்ணாடியை இறக்கி டீச்சரிடம் கேட்டால் இதில் ஒரு நாள்கூட ஓடாது. டீச்சர் சொன்ன "பார்க்கலாம்" மறுப்பும் இல்லை, சம்மதமும் இல்லை. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்வதும் கடினம், ஏனென்றால் ஏட்டில் நீங்கள் எதுவுமே கேட்கவில்லை.

இதைச் சொன்னால் "டீச்சர்கிட்ட எழுத்துல கேட்டா தப்பா நினைச்சுக்க மாட்டாங்களா?" என்கிறார்கள். ஐயா, ஆபீசில் ஒரு போன் பேசி முடித்தால் "பேசியபடி" என்று ஆரம்பித்து ஐந்து பேரை சிசியில் போட்டு மெயில் அனுப்பாமல் நீங்கள் எழுந்திருப்பீர்களா? சாஃப்ட்வேரில் சின்ன பக் இருந்தால் டிக்கெட் போடாமல் விடுவீர்களா? சொந்தப் பிள்ளை விஷயத்தில் மட்டும் ஏன் வாய் வார்த்தை? எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. உண்மையைச் சொன்னால், எங்களில் பலர் உங்கள் மெயிலுக்காகக் காத்திருக்கிறோம். நாங்களாகத் தொடங்குவதைவிட பெற்றோர் எழுதிக் கேட்டது என்றால் எங்களுக்கும் சுலபம்.

அடுத்தது "ஆர்.டி.ஐ. முடியட்டும்". நம் ஊர் தகவல் உரிமைச் சட்டம் இல்லை இது. பின்தங்கும் பிள்ளைக்குப் படிப்படியாகக் கூடுதல் உதவி தந்து பார்க்கும் ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், எத்தனையோ பிள்ளைகள் அதிலேயே தேறிவிடுகிறார்கள். ஆனால் அதைக் காரணம் காட்டி மதிப்பீட்டைத் தள்ளிப் போடவோ மறுக்கவோ கூடாது என்று 2011-இலேயே மத்தியக் கல்வித் துறை மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

இன்னொன்று, "ரெண்டு பாஷை பேசுற வீடு, அதனாலதான் லேட்டு." ஸ்கூலும் சொல்லும், டாக்டர்களில் சிலரும் சொல்வார்கள், சொந்தக்காரர்கள் சொல்லவே வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வராது. உண்மையான குறைபாடு இருந்தால் அது இரண்டு மொழியிலும் தெரியும். வியாழக்கிழமை வந்த அந்தப் பையன் விஷயத்தில் அதைக் கண்டுபிடித்தது நானில்லை, அவன் பாட்டி. திருநெல்வேலியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்தவர். "இங்கிலீஷ் எனக்குத் தெரியாது தாயி, ஆனா இவன் தமிழ்லயும் அரைகுறையாத்தான் பேசுதான். நாய் துரத்திச்சுன்னு சொல்லத் தெரியல. நாய், நான், ஓடு, அம்புட்டுதான்" என்றார். வினைமுற்றும் வேற்றுமை உருபும் விழுந்துபோன வாக்கியம். ஏழு வயதில் அது இருக்கக் கூடாது. நான் இரண்டு மணி நேரம் டெஸ்ட் வைத்துத் தேடுவதைப் பாட்டி ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அவன் தமிழ் எப்படி என்று இத்தனை நாள் யாரும் கேட்காததற்கு ஒரு காரணம் உண்டு. சேர்க்கையின்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருவார்கள். "இ.எஸ்.எல். வகுப்புல போட்டுடுவாங்க" (வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கான ஆங்கில வகுப்பு அது) என்ற பயத்தில் நம்மவர்கள் எல்லாக் கேள்விக்கும் ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். இந்த அப்பாவும் அப்படித்தான். பிள்ளையை அதற்குத் தெரிந்த மொழியில், அதற்கு என்ன தெரியும் என்பதைச் சரியாகக் காட்டும் விதத்தில் மதிப்பிட வேண்டும் என்று ஐடியா சொல்கிறது. ஆங்கிலம் போதாததையே முக்கியக் காரணமாக வைத்துக் குறைபாடு என்று தீர்மானிக்கவும் கூடாது. ஆனால் படிவத்தில் தமிழே இல்லையென்றால், வீட்டில் தமிழ் இருக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? உண்மையை எழுதுங்கள். இ.எஸ்.எல். வேண்டாம் என்றால் அதை மறுத்துக் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை இருக்கிறது. வருடாந்திர ஆங்கிலத் தேர்வு மட்டும் இருக்கும், அதில் ஒன்றும் குடி முழுகிப் போகாது.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "நியூ ஜெர்சில என் ஃப்ரெண்டுக்கு இருபது நாள்ல மீட்டிங் வச்சாங்க, நீங்க ஏன் வைக்கல?" ஏனென்றால் அது நியூ ஜெர்சி. கோரிக்கை வந்த 20 நாட்களுக்குள் கூட்டம் என்பது அந்த மாநில விதி. கலிபோர்னியாவில் 15 நாட்களில் மதிப்பீட்டுத் திட்டம் தர வேண்டும், நீங்கள் ஒப்புதல் தந்தபின் 60 நாட்களில் கூட்டம். இங்கே கணக்கு வேறு. ஒரு நல்ல செய்தி: ஐ.இ.பி. உள்ள பிள்ளையோடு நடு வருடத்தில் மாநிலம் மாறினால், புதிய டிஸ்ட்ரிக்ட் அதற்கு ஒப்பான உதவியை உடனே தொடங்க வேண்டும். பழைய ஐ.இ.பி.யைக் கைப்பெட்டியில் வையுங்கள், மூவர்ஸ் லாரியில் போடாதீர்கள்.

விசா பயம் பற்றி. "கிரீன் கார்டுக்குப் பிரச்சினை வருமா?" விசா இல்லாத பிள்ளைக்குக்கூட அரசுப் பள்ளியை மறுக்கக் கூடாது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கே டெக்சாஸின் டைலர் ஊரிலிருந்து போனது. சிறப்புக் கல்வி என்பது கல்வி, உதவித்தொகை இல்லை. மனசு கேட்கவில்லையென்றால் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்; அந்தப் பயத்தில் இரண்டு வருடத்தை விடாதீர்கள்.

மத்தியக் கல்வித் துறையை மூடப்போகிறார்களாமே என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். துறையைக் கலைக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் அதிபர் உத்தரவு போட்டது உண்மை. ஆனால் ஐடியா நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். உத்தரவால் அது மறையாது. மேற்பார்வை தளரலாம், அது என் கவலையும்கூட. ஆனால் உங்கள் பள்ளியின் கடமை இன்றும் அப்படியே இருக்கிறது.

தனியார் பள்ளிக்கு மாநிலம் பணம் தருகிறதே என்பவர்களுக்கு: 2025-இல் டெக்சாஸ் அப்படியொரு சட்டம் இயற்றியது, குறைபாடுள்ள பிள்ளைக்கு 30,000 டாலர் வரை கிடைக்கலாம். அந்தப் பெரிய தொகைக்கு ஐ.இ.பி. வேண்டும், அதைத் தருவது அரசுப் பள்ளி டிஸ்ட்ரிக்ட்தான். பணத்தை வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிக்குப் போனால், ஐடியா தரும் தனிப்பட்ட உரிமைகள் உங்களோடு சேர்ந்து வராது. இதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

மூன்று வயதுக்குக் கீழே என்றால் பள்ளிக்குக் காத்திருக்காதீர்கள், இ.சி.ஐ. (சிறு குழந்தைகளுக்கான மாநில உதவித் திட்டம்) அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு முன்பே அறிக்கையை வாங்கி வீட்டில் படியுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் பள்ளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும், ஆறாம் வகுப்பு அக்காவைக் கூட்டி வந்து உட்கார வைக்காதீர்கள். பாட்டி இங்கே வந்திருந்தால் தயவுசெய்து கூட்டத்துக்குக் கூட்டி வாருங்கள். கடைசித் தாளில் உடன்படுகிறேன், உடன்படவில்லை என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். எதில் டிக் அடிக்கிறோம் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் கேளுங்கள், அவமரியாதை இல்லை.

மே மாதக் கடைசி வாரத்தில் கடிதம் கொடுத்துவிட்டு சென்னைக்கு விமானம் ஏறாதீர்கள். கணக்கு பள்ளி நாட்களில் ஓடுகிறது. கோடை விடுமுறை அதில் சேராது. ஆகஸ்டில் திரும்பி வந்து "மூணு மாசம் ஆச்சே" என்றால், எங்கள் ஏட்டில் நான்கு நாள்தான் ஆகியிருக்கும்.

கடிதம் நான்கு வரி போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு. சிறப்புக் கல்விக்கான முழு மதிப்பீடு வேண்டும் என்ற ஒரு வாக்கியம். நீங்கள் கவனித்தது இரண்டு மூன்று, பாட்டி சொன்னது மாதிரி நேரடியாக. வீட்டில் பேசும் மொழி தமிழ் என்பது. தேதி. பிரின்சிபாலுக்கும் சிறப்புக் கல்வி இயக்குநருக்கும் மெயிலில் அனுப்புங்கள், டீச்சரை சிசியில் போடுங்கள். அப்புறம் ஃபிரிட்ஜ் கதவில் பள்ளி காலண்டர் ஒட்டியிருக்கும் இல்லையா, அதில் சனி ஞாயிறு, தேங்க்ஸ்கிவிங் வாரம் எல்லாம் விட்டு, பதினைந்தாவது நாளை எண்ணி வட்டம் போட்டு வையுங்கள். அன்று சாயங்காலம் வரை பதில் வரவில்லையென்றால், அதே மெயிலைத் தேடி எடுத்து ரிப்ளை ஆல் கொடுங்கள்.