கொறடா: ஆளா, சாட்டையா, ஆணையா?

சட்டமன்ற உறுப்பினராகப் பதவியேற்ற நாளிலிருந்து ஒருவருடைய அவை வாழ்க்கையில் அதிகம் குறுக்கிடுபவர் அவருடைய கட்சியின் கொறடாதான். எந்த விவாதத்தில் யார் பேசுவது என்று பேரவைத் தலைவருக்குப் பட்டியல் கொடுப்பவர் அவர். வாக்கெடுப்பு நாளில் எல்லாரும் வந்துவிட்டார்களா என்று தலை எண்ணுபவரும் அவரே.

'கொறடா' தமிழ்ச் சொல் அன்று; மராத்தியிலிருந்து வந்தது. அங்கே 'கோரடா' என்றால் சாட்டை. 'விப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாக இதை வைத்துக்கொண்டோம். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் சாட்டையில் நேராக இல்லை. நரி வேட்டையில் கூட்டத்தை விட்டு விலகும் நாய்களைத் திருப்பிக் கொண்டுவருபவனுக்கு 'விப்பர்-இன்' என்று பெயர். பிரிட்டன் நாடாளுமன்றம் அதைச் சுருக்கி எடுத்துக்கொண்டது. அடிப்பவன் என்பதைவிடச் சேர்ப்பவன் என்பதே அதன் உட்பொருள். நாம் கருவியின் பெயரை மொழிபெயர்த்து, ஆளுக்குச் சூட்டிவிட்டோம்.

வியப்பு என்னவென்றால், மராத்தியர்களே அவையில் 'கோரடா' என்பதில்லை. 'பிரதோத்' என்ற வடசொல்லைச் சொல்கிறார்கள். மாடோட்டும் தார்க்கோல் என்பது அதன் பொருள். இந்தியில் 'சசேதக்', அதாவது விழிப்பூட்டுபவர். இலங்கை நாடாளுமன்றத்தின் தமிழில் 'முதற்கோலாசான்' என்று எழுதுகிறார்கள். கோல் பிடித்த ஆசான்! எனக்கு மிகவும் பிடித்த ஆக்கம் இது. சாட்டையின் அதட்டலும் இருக்கிறது, வழிநடத்தும் பொறுப்பும் இருக்கிறது. தூய தமிழ் வேண்டுவோர் புதிதாக எதையும் தேட வேண்டாம், 'கோலாசான்' போதும். 'சாட்டையர்' போன்ற நேர்பெயர்ப்புகள் ஒட்டாது.

ஆங்கிலத்தில் ஆளும் 'விப்', அவர் அனுப்பும் ஆணையும் 'விப்'. தமிழ் இங்கே தெளிவாக இருக்கிறது: ஆளைக் கொறடா என்கிறோம், ஆணையைக் கொறடா உத்தரவு என்கிறோம். 'கொறடா பிறப்பித்தார்கள்' என்று சிலர் எழுதுவது பிழை. அவசரத்துக்கேற்ப ஆணையின் அடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு இழுப்பது பிரிட்டன் வழக்கம். மூன்று கோடு என்றால் வந்தே தீர வேண்டும், சொன்னபடி வாக்களித்தே தீர வேண்டும்.

இந்த உத்தரவுக்குப் பல் முளைத்தது 1985இல், 52ஆவது திருத்தம் அரசமைப்பில் கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தபோது. அந்த அட்டவணையில் 'விப்' என்ற சொல்லே கிடையாது. கட்சியின் 'பணிப்பு' என்றுதான் பொருள்படச் சொல்கிறது. பணிப்பை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ பதவி போகலாம். 15 நாளுக்குள் கட்சி மன்னித்தால் பிழைக்கலாம்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் வீட்டுத் திண்ணை வரை வந்தது 2017இல். பிப்ரவரி 18 அன்று எடப்பாடி பழனிசாமியின் அதிமுக அரசு 122 வாக்குகளுடன் நம்பிக்கை கோரும் தீர்மானத்தில் வென்றது. எதிராக விழுந்தவை 11. அந்தப் பதினொருவரும் அதே கட்சியினர். அவர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரி திமுக கொறடா அர. சக்கரபாணி நீதிமன்றம் போனார், ஆனால் அவர்கள் பதவி போகவில்லை. அதே ஆண்டு முதல்வர்மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அதிமுக உறுப்பினர்கள் 18 பேரை, அரசு தலைமைக் கொறடாவின் மனுவின்பேரில் பேரவைத் தலைவர் ப. தனபால் செப்டம்பர் 18 அன்று நீக்கினார். அவையில் எதிர்த்து வாக்களித்தவர்கள் தப்பினார்கள், வெளியே கடிதம் கொடுத்தவர்கள் பதவி இழந்தார்கள். இந்த முரண் இன்றும் என்னை உறுத்துகிறது.

கொறடாவை நியமிப்பது யார் என்ற கேள்வி, அந்தச் சொல்லைத் தந்த மகாராஷ்டிரத்திலேயே எழுந்தது. சிவசேனை பிளவு வழக்கில் 2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் விடை சொன்னது: அந்த அதிகாரம் அவையிலுள்ள கட்சி உறுப்பினர் குழுவுக்கு இல்லை, வெளியே இருக்கும் கட்சிக்கே உண்டு.