டிக்கியில் ஸ்டெப்னி இல்லாத கார்: விதி சொல்வது என்ன, நாமே வாங்கி வைக்கலாமா?

கார் வாங்கி நாலு மாதம் கழித்துத்தான் என் மச்சான் முதல்முறையாக டிக்கியின் அடிவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அதுவும் ராத்திரி பத்தரை மணிக்கு, திருத்துறைப்பூண்டி தாண்டி வேதாரண்யம் போகும் வழியில், செல்போன் வெளிச்சத்தில். தை முகூர்த்தம். கல்யாண வரவேற்பு முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே வைக்கோல் கட்டு ஏற்றி வந்த டிராக்டருக்கு ஒதுங்கப் போய், இடது முன்சக்கரம் மதகுச் சுவரின் உடைந்த விளிம்பில் உரசிவிட்டது. டயரின் பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவுக்குக் கிழிசல். டிக்கிக்குள் ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் ஒரு தெர்மகோல் தட்டு, அதில் கையளவு காற்று மோட்டார், பக்கத்தில் ஒரு பாட்டில்.

"என்ன மாப்ள, ஷாம்பு பாட்டில் மாதிரி இருக்கு?" என்றார்.

பஞ்சர் ஓட்டையை அடைக்கும் திரவம் அது. செய்முறை பார்த்து ஏற்றினோம். பாட்டிலில் இருந்த வெள்ளைப் பால் முழுவதும் கிழிசல் வழியாகத் தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. மீட்பு வண்டி வரும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. மறுநாள் பஞ்சர் கடைக்காரர் டயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, டயருக்குள்ள பசையைக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருக்கே, இதை வழிச்சு எடுக்கவே தனிக் கூலி வேணும்" என்று சொன்னார்.

அன்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் மச்சான் கேட்பது ஒன்றுதான்: ஸ்டெப்னி கொடுக்காமல் கார் விற்பது சட்டப்படி சரியா?

சரிதான். ஆனால் நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைத்தான் ஷோரூமில் யாரும் சொல்வதில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி முன்பு கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயம். 2020 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அந்த விதியைத் திருத்தியது. திருத்தம் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையைச் சேர்த்து 9 இருக்கைக்கு மிகாத, மொத்த எடை 3.5 டன்னுக்கு மிகாத பயணிகள் வண்டிகளுக்கு இது பொருந்தும். நாம் வாங்குகிற கார், எஸ்யூவி எல்லாம் இதற்குள் வந்துவிடும். டயர் டியூப்லெஸ்ஸாக இருந்து, பஞ்சர் ரிப்பேர் கிட்டும் கொடுத்து, ஓடும்போதே டயரின் காற்றழுத்தத்தைக் கண்காணித்து ஓட்டுநருக்குச் சொல்லும் டிபிஎம்எஸ் கருவியும் பொருத்தியிருந்தால், மாற்றுச் சக்கரம் தர வேண்டியதில்லை. மிச்சமாகும் இடத்தில் மின்சாரக் கார்களுக்குப் பெரிய பேட்டரி வைக்கலாம், பல வெளிநாடுகளிலும் இதுதான் நடைமுறை என்பவை அமைச்சகம் சொன்ன காரணங்கள்.

இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் விலக்கு. கிட் மட்டும் போட்டு, டிபிஎம்எஸ் இல்லாமல், ஸ்டெப்னியும் தராமல் வண்டியை ஒப்படைத்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் எடுக்கிற அதே வேரியன்ட்டுக்கு உரிய பட்டியலைக் கேட்டு வாங்கி ஸ்டெப்னி, கிட், டிபிஎம்எஸ் ஆகிய மூன்று வரிகளையும் பாருங்கள். ஒரே மாடலில் பெட்ரோல் வண்டிக்கு ஸ்டெப்னி இருக்கும், மின்சார வண்டிக்கு இருக்காது. ஷோரூமில் நிற்கிற காட்சி வண்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

விற்பனையாளர் ஒருவர் மச்சானிடம் சொன்ன பதில் இது: "ஸ்டெப்னியை கவர்மென்ட்டே எடுக்கச் சொல்லிட்டாங்க சார்." இது தவறு. 'தர வேண்டியதில்லை' என்றுதான் விதி சொல்கிறது. 'வைக்கக் கூடாது' என்று எங்கும் சொல்லவில்லை. கார் கம்பெனியின் கடமை குறைந்திருக்கிறது, அவ்வளவே. நீங்கள் தனியாக ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

(ஸ்டெப்னி என்பது ஒரு தெருவின் பெயர். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தக் கம்பெனிப் பெயர் கப்பலேறி வந்து நம் லாரிப் பட்டறைகளில் தங்கிவிட்டது.)

"ஆர்டிஓ பிடிப்பாரா?" என்பது அடுத்த பயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தான் இங்கே பார்க்க வேண்டியது. தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது அது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. டிக்கிக்குள் படுத்திருக்கும் சக்கரம் வண்டியின் எந்த அமைப்பையும் மாற்றவில்லை. பெட்டி, படுக்கை மாதிரி அதுவும் ஒரு சாமான். ஆனால் பின்கதவில் இரும்புச் சட்டம் வெல்டிங் வைத்து வெளியே மாட்டுவதும், அடித்தளத்தை வெட்டிக் குழி எடுப்பதும் சாமான் கணக்கில் வராது, அது மாற்றம். பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவதை இதே பிரிவு 52-ஐக் காட்டித்தான் 2017 டிசம்பரில் அமைச்சகம் தடுக்கச் சொன்னது. மின்சாரக் காரென்றால் தரையில் ஒரு திருகுகூடப் போடாதீர்கள். கீழே படுத்திருப்பது பேட்டரி.

இனி சக்கரம் தேர்ந்தெடுப்பதைப் பார்ப்போம். பலரும் காசை விடும் இடம் இதுதான்.

டயரின் பக்கத்தில் 185/65 ஆர்15 என்று போட்டிருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 15, ரிம்மின் அங்குலம். கணக்குப் போட்டால் இந்த டயரின் மொத்த உயரம் சுமார் 621 மி.மீ. 195/55 ஆர்16-க்கும் சுமார் 621 வரும். 165/80 ஆர்14-க்கு 620. மூன்றும் நிறுத்திவைத்தால் ஒரே உயரம். ஸ்டெப்னிக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்த உயரம்தான். உயரம் மாறினால் ஒரு பக்கச் சக்கரம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றி, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் குழம்பும். அதற்காக 16 அங்குல ரிம் வண்டிக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று 14 அங்குலத்தை வாங்கிவிடக் கூடாது. உள்ளே டிஸ்க் பிரேக்கின் கேலிப்பரில் ரிம் இடிக்கும்; மாட்டவே முடியாமல் போகும்.

ரிம்மில் நட்டு மாட்டும் துளைகளின் எண்ணிக்கையும், அந்தத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமும் பொருந்த வேண்டும். பட்டறையில் இதைப் பிசிடி என்பார்கள். சின்னக் கார்கள் பலவற்றில் 4 துளை, 100 மி.மீ, பெரிய வண்டிகள் பலவற்றில் 5 துளை, 114.3 மி.மீ. நடுத்துளையும், ஆஃப்செட் எனப்படும் உள்வாங்கலும் பொருந்த வேண்டும். இதையெல்லாம் அளந்துகொண்டிருக்க முடியாதவர்களுக்கு ஒரே வழி: அதே மாடலின் குறைந்த விலை வேரியன்ட்டில் வரும் ஸ்டீல் ரிம்மைக் கம்பெனி உதிரிபாகக் கடையிலேயே வாங்குங்கள். அலாய் ரிம்மைவிட விலை வெகுவாகக் குறைவு. அலாய்க்கு வந்த நட்டு ஸ்டீல் ரிம்மில் சரியாக உட்காருமா என்றும் கேட்டு, உட்காராது என்றால் தனி நட்டு ஒரு செட் வாங்கிப் பையில் கட்டி ரிம்மோடு வையுங்கள். வாங்கிய அன்றே கடை வாசலில் முன்சக்கரத்தில் ஒருமுறை, பின்சக்கரத்தில் ஒருமுறை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

டயரில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் கிழடாகும், அதனால் 'புதுசு' என்று பழைய இருப்பைத் தள்ளுகிறார்களா என்று பாருங்கள். பழைய டயரைப் போட்டு ஒப்பேற்ற நினைத்தால், காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ பட்டன் (டயர் வரிகளின் ஆழம்) இருக்க வேண்டும் என்கிற விதி மாட்டி ஓட்டும்போது ஸ்டெப்னிக்கும் பொருந்தும். கார் டயருக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் பழைய விகிதம் போட்டிருந்தால் விடாதீர்கள்.

இடம் இல்லாதவர்கள் ஒல்லி ஸ்டெப்னி, அதாவது அகலம் குறைந்த தற்காலிகச் சக்கரம் வாங்கலாம். அதன் மேல் மணிக்கு 80 கி.மீ என்று ஒட்டியிருப்பதை மதிக்க வேண்டும். இந்த வகையில் பலவற்றுக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். பங்க் பையன் வழக்கம்போல 33 வைத்துவிட்டுப் போவான், அருகில் நின்று பார்க்கவும். முன்சக்கர இழுவை வண்டியில் முன்டயர் போனால், பின்சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, ஒல்லியைப் பின்னால் மாட்டுவது நல்லது. இரண்டு மடங்கு வேலைதான். எந்த ஸ்டெப்னி மாட்டினாலும், அதில் சென்சார் இல்லையென்றால் டிபிஎம்எஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

ஸ்டெப்னி இல்லாத வண்டிகள் பலவற்றில் ஜாக்கியும் இருக்காது, வீல் ஸ்பேனரும் இருக்காது. சக்கரத்தை மட்டும் வாங்கி வைத்துவிட்டு நடுவழியில் நிற்பவர்கள் உண்டு. ஜாக்கியை உங்கள் வண்டியின் எடைக்கு ஏற்றதாக வாங்கி, கையேட்டில் குறித்திருக்கும் இடத்தில் மட்டும் முட்டுக் கொடுங்கள். நம் பக்கத்துக்கு இன்னொன்றும் தேவை: ஒரு சதுரப் பலகை, ஒரு அடிக்கு ஒரு அடி, ஒன்றரை அங்குலக் கனம். ஐப்பசி மழையில் ஆற்றங்கரைச் சாலையோரம் ஜாக்கியை வைத்துச் சுழற்றினால் வண்டி ஏறாது, வண்டல் மண்ணுக்குள் ஜாக்கிதான் இறங்கும். மச்சான் இப்போது பழைய அரிவாள்மணைப் பலகையை வைத்திருக்கிறார். அக்காவுக்கு அதில் வருத்தம்.

சக்கரத்தைச் சும்மா போட்டு வைக்காதீர்கள். டயரோடு 15 கிலோ அளவுக்கு வரும் பொருள், திடீர் பிரேக்கில் பின்சீட்டை முட்டும். டிக்கியின் கொக்கிகளில் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கும் வேலை இருக்கிறது. சம்பா அறுப்பு சமயத்தில் வயலோரச் சாலையில் சீமைக்கருவேல முள்ளோ சின்ன ஆணியோ ஏறினால், டயரின் நடுப்பட்டையில் விழுந்த அந்தச் சிறு ஓட்டைக்குப் பாட்டில் போதும். பெரிய ஓட்டை விழுந்தாலோ பக்கச்சுவர் கிழிந்தாலோ அது கையை விரிக்கும். பாட்டிலில் காலாவதித் தேதி உண்டு, பார்த்து மாற்றுங்கள். முள் ஏறியும் காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் திரவத்தைத் தொடாமல், மோட்டாரால் காற்றை மட்டும் ஏற்றிப் பக்கத்துப் பஞ்சர் கடைக்கு ஓட்டிவிடுவதே என் வழக்கம். குச்சி வைத்து அடைக்கப் பத்து நிமிடம். பசையை வழிக்கிற கூலியும் மிச்சம்.

காப்பீட்டில் ஒரு வரி: கம்பெனி கொடுக்காத பொருள் என்பதால், புதுப்பிக்கும்போது பில்லைக் காட்டி ஸ்டெப்னியின் மதிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தாலும் டயருக்குப் பாதி விலைதான் கிடைக்கும், 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள்.

புகார் செய்ய வேண்டிய நிலை வந்தால் வாய்ச்சண்டை உதவாது. ஸ்டெப்னி உண்டு என்று பட்டியலில் போட்டுவிட்டுத் தரவில்லை, அல்லது கிட்டோ டிபிஎம்எஸ்ஸோ இல்லாமல் ஸ்டெப்னியையும் தரவில்லை என்றால், டீலருக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டியைச் சென்னையில் எடுத்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூரிலேயே போடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால், ஸ்டெப்னி இல்லை என்று பட்டியலிலேயே எழுதி, மூன்று நிபந்தனையும் நிறைவேறியிருந்தால், புகாரில் பலன் இருக்காது. மச்சான் வண்டி அந்த ரகம். அதனால்தான் சொந்தக் காசில் ரிம் வாங்கினார்.

பழைய கார் வாங்குகிறவர்கள் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் பேரம் பேசாதீர்கள். 2020-க்குப் பிந்தைய வண்டியில் ஸ்டெப்னி இல்லாதது இயல்பாக இருக்கலாம். கிட்டில் பாட்டில் காலியாக இருந்தால் எந்தச் சக்கரத்தில் பசை காய்ந்து கிடக்கிறது என்று கேளுங்கள்.