மெண்டெரெஸ் ஆறும் டீத்தூளும்

ஆறு வளைந்து நெளிந்து ஓடுவதை நம் புவியியல் பாடத்தில் ‘மியாண்டர்’ என்று படித்திருப்போம். அது முதலில் ஓர் ஆற்றின் பெயர். மேற்குத் துருக்கியில் ஓடி ஏஜியன் கடலில் கலக்கும் அந்த ஆற்றைப் பழைய கிரேக்கர்கள் மையாண்ட்ரோஸ் என்றார்கள். இன்றைக்கு அது பெரிய மெண்டெரெஸ். அது போட்ட வளைவுகளைப் பார்த்துத்தான் வளைந்து போகிற எதற்குமே அந்தப் பெயர் வந்தது என்று 2000 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதிவைத்தார். கிரேக்கப் பானைகளின் கழுத்தில் ஒரே கோடு உள்ளே மடங்கி, வெளியே வந்து, மறுபடி மடங்கி ஓடுமே, அந்தக் கட்டக் கோலத்துக்கும் இதே பெயர்தான்.

ஆங்கிலத்துக்குப் போனபின் போக்கிடம் இல்லாமல் சுற்றுவது, பேச்சு எங்கெங்கோ போவது என்றெல்லாம் பொருள் ஏறிவிட்டது. ஆற்றுக்கு இது அநியாயம். அது கணக்குப் போட்டு வளைகிற ஆசாமி.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, டீ வடிகட்டிய தூளில் ஒரு சிட்டிகை போட்டுக் கரண்டியால் சுற்றிவிடுங்கள். தூள் ஓரத்தில் ஒதுங்கும் என்றுதான் நினைப்போம். அதுவோ அடியில், நட்டநடுவில் வந்து குவியும். சுற்றும் தண்ணீர் ஓரத்தை நெருக்க, அங்கே அழுத்தம் கூடுகிறது. அடித்தண்ணீர் மட்டும் தரையில் உரசி வேகம் இழந்திருக்கும். அதனால் அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், தூளையும் இழுத்துக்கொண்டு நடுவுக்கு நகர்கிறது. ஆறுகள் வளைவதை விளக்க ஐன்ஸ்டைன் 1926-ல் எடுத்துக்கொண்டதும் இதே டீக்கோப்பைதான்.

ஆற்று வளைவிலும் இதே கதை. மேல்நீர் வெளிக்கரையை அரிக்கும். அடிநீர் மணலை உட்கரைக்குத் தள்ளும். அந்தப் பக்கம் கரை இடிய இடிய, இந்தப் பக்கம் மணல்திட்டு வளரும். வளைவு முற்றிக் கழுத்து குறுகிவிட்டால், ஒரு வெள்ளம் போதும், ஆறு குறுக்கே வெட்டிக்கொண்டு போய்விடும். விட்டுப்போன துண்டுதான் குதிரைக் குளம்பு ஏரி.

சரி, கணக்கு எங்கே? ஆற்றின் அகலத்தைப் போல ஏறக்குறைய 10 முதல் 14 மடங்கு தூரத்தில் அதே வளைவு திரும்ப வரும். 50 மீட்டர் அகலம் என்றால் அரை கிலோமீட்டருக்குக் குறையாது. சின்ன ஓடையானாலும் மிசிசிப்பியானாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை.

மெண்டெரெஸ் அரித்துக் கொண்டுவந்த வண்டல் கடைசியில் கடலையே தூர்த்துவிட்டது. துறைமுகப் பட்டினமாக இருந்த மிலேட்டஸ் இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. கி.மு. 494-ல் பாரசீகரும் அந்தக் கரையோரக் கிரேக்கர்களான அயோனியரும் கப்பலில் மோதிக்கொண்ட லாடே தீவு, இப்போது சமவெளிக்கு நடுவே ஒரு மேடு.