ஐந்து பேர் மாதிரி, ஒரே டியூப்: குழுச் சோதனைக்குள் இருக்கும் நிகழ்தகவு

ஆய்வகத்துக்கு 100 பேரின் மாதிரிகள் வந்திருக்கின்றன. அந்தப் பகுதியில் 100க்கு 2 பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரையும் தனியாகச் சோதித்தால் 100 கிட் வேண்டும். அப்படிச் செய்யாமல், ஐந்தைந்து பேரின் மாதிரியிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரே டியூபில் கலந்து சோதிக்கலாம். நெகட்டிவ் வந்தால் ஐந்து பேருக்கும் ஒரே சோதனையோடு முடிந்தது. பாசிட்டிவ் வந்தால், எடுத்து வைத்த மீதியிலிருந்து ஐந்து பேரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அந்தக் குழுவுக்கு மட்டும் மொத்தம் 6 சோதனை ஆகும்.

அமெரிக்க ராணுவத்துக்கு ஆள் எடுக்கும்போது நடந்த சிஃபிலிஸ் (பால்வினை நோய்) ரத்தப் பரிசோதனைக்காக, பொருளாதார அறிஞர் ராபர்ட் டார்ஃப்மன் 1943இல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். கொரோனா காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) இதே முறையைப் பரிந்துரைத்தது. பாசிட்டிவ் விகிதம் 2 சதவீதத்துக்குக் கீழே உள்ள இடங்களில் செய்யலாம், ஒரு டியூபில் 5 மாதிரிக்கு மேல் கலக்கக்கூடாது என்பது 2020 ஏப்ரலில் வந்த அறிவுரை. நிகழ்தகவை முதன்முதலாகப் படிப்பவருக்கு நாணயத்தையும் சீட்டுக்கட்டையும் விட இது நல்ல பாடம். ஒவ்வொரு படியிலும் தப்பு செய்தால் எத்தனை கிட் வீண் என்று கண்ணால் பார்க்கலாம்.

முதல் கேள்வி: ஒரு குழு பாசிட்டிவ் ஆக நிகழ்தகவு எவ்வளவு? பெரும்பாலோர் ஆளுக்கு 2%, ஐந்து பேருக்கு 10% என்று கூட்டிவிடுவார்கள். அதே வழியில் நோய் விகிதம் 30% ஆக இருக்கும்போது கூட்டிப் பாருங்கள், 150% வரும். ஒரே குழுவில் இரண்டு பேருக்கு நோய் இருந்தாலும் பாசிட்டிவ் ஆவது ஒரு குழுதான். கூட்டும்போது அதை இரண்டு முறை எண்ணிவிடுகிறோம். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் சிக்கல் இல்லை. ஒருவருக்கு நோய் இல்லாதிருக்க நிகழ்தகவு 0.98. ஐந்து பேருக்கும் இல்லாதிருக்க 0.98ஐ ஐந்து தடவை பெருக்க வேண்டும்: 0.9039. இதை 1இலிருந்து கழித்தால் 0.0961, அதாவது 9.61%. நிரப்பு நிகழ்ச்சி என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ‘குறைந்தது ஒருவருக்கு’ என்று கேள்வியில் வந்தாலே ‘ஒருவருக்கும் இல்லை’ என்பதிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது பல முறை செய்தால் கிடைக்கும் சராசரி. எப்படியும் 1 சோதனை உண்டு. மேற்கொண்டு 5 சோதனை தேவைப்பட நிகழ்தகவு 0.0961. ஆகவே குழுவுக்குச் சராசரியாக 1 + 5 × 0.0961 = 1.48. நூறு பேர் என்றால் 20 குழு, சுமார் 30 சோதனை. எழுபது கிட் மிச்சம்.

இங்கேதான் பலர் கணக்கை மூடி வைத்துவிடுகிறார்கள், உண்மையான ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. எந்தக் குழுவும் 1.48 சோதனை எடுக்காது. ஒன்று எடுக்கும் அல்லது ஆறு எடுக்கும். சராசரி 30 என்பதால் தினமும் 30 கிட் வாங்கி வைத்தால் என்ன ஆகும்? இரண்டு குழு வரை பாசிட்டிவ் ஆனால்தான் 30 போதும். 20 குழுவில் இத்தனை குழு பாசிட்டிவ் ஆக நிகழ்தகவு என்ன என்று தருவது ஈருறுப்புப் பரவல்; அதில் கணக்கிட்டால் அதற்கான நிகழ்தகவு சுமார் 70%தான். பத்து நாளில் மூன்று நாள் கிட் போதாமல் போகும். 45 வைத்திருந்தால் ஐந்து குழு வரை தாங்கும், 100 நாளில் 99 நாள் சமாளிக்கலாம். எவ்வளவு செலவாகும் என்பதைச் சராசரி சொல்லும். எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்பதைப் பரவலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நோய் கூடினால் ஆதாயம் வேகமாகக் கரையும். ஐந்து பேர் குழுவில், விகிதம் 5% ஆனால் நூறு பேருக்குச் சராசரி 43 சோதனை, 10% ஆனால் 61, 20% ஆனால் 87. ஏறத்தாழ 31 சதவீதத்தைத் தாண்டினால் எந்த அளவுக் குழுவும் தனித்தனிச் சோதனையை விட மேல் இல்லை.

விகிதம் 2% என்றால், சோதனை எண்ணிக்கை மிகக் குறைவது எட்டு பேர் குழுவில்தான்: நூறு பேருக்குச் சுமார் 27. ஐந்துக்கும் எட்டுக்கும் வித்தியாசம் 3 கிட்கூட இல்லை. குழு பெருத்தால் மாதிரி நீர்த்துப்போகும், அது பெரிய விலை. ஆர்டி-பிசிஆரில் ஒவ்வொரு சுழற்சிக்கும் மரபுப்பொருள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்த மாதிரி அதே அளவை எட்ட 2.3 சுழற்சி கூடுதலாக ஓட வேண்டும். 35 சுழற்சிக்குள் தெரியாவிட்டால் நெகட்டிவ் என்று வரம்பு வையுங்கள். தனியாக 33.5இல் தெரிந்திருக்க வேண்டியவர் குழுவில் 35.8க்குப் போய் நெகட்டிவ் என்று வெளியே வந்துவிடுவார். எட்டு பேர் குழுவில் இந்தத் தள்ளல் 3 சுழற்சி.

மேலே பெருக்கியபோது ஓர் அனுமானம் சத்தமில்லாமல் உள்ளே வந்தது: ஒருவருக்கு நோய் இருப்பது மற்றவருக்கு இருக்கும் நிகழ்தகவை மாற்றாது என்பது. இதன் பெயர் சார்பின்மை. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஒரு வீட்டின் ஐந்து பேருக்கும் தொற்று இருந்து, அவர்களை ஐந்து டியூபில் பிரித்துப் போட்டால் ஐந்து குழுவும் பாசிட்டிவ். ஒரே டியூபில் போட்டால் ஒரு குழுதான், நீர்த்தலும் குறையும். ஆகவே மாதிரிகளைக் கலைத்துப் போடாமல் வீட்டுவாரியாகச் சேர்ப்பதே நல்லது.

சார்பின்மை என்றால் என்ன என்பதைக் கையாலேயே பார்க்க 50 புளியங்கொட்டை போதும். தாயம் விளையாடத் தேய்ப்பதுபோல ஒன்றை மட்டும் வெள்ளையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள், அதுதான் 2%. பையில் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்து, திரும்பப் போட்டுக் குலுக்கி, இப்படி ஐந்து தடவை எடுத்தால் ஒரு குழு. இதில் வெள்ளை வர நிகழ்தகவு 9.61%. திரும்பப் போடாமல் ஐந்தையும் சேர்த்து அள்ளினால், அது 50இல் 5, சரியாக 10%. முதலில் தப்பு என்று தள்ளிய கூட்டல் இங்கே சரியாகிவிடுகிறது. இருப்பது ஒரே வெள்ளைக்கொட்டை என்பதால் ஒரே கையில் இரண்டு வெள்ளை வரவே முடியாது, இரண்டு முறை எண்ண எதுவும் இல்லை.