ஹார்லெம் பாலே: பள்ளியின் கணக்கும் குழுவின் கணக்கும்

நடனப் பள்ளி நடத்தும் அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழிலின் ஒரு பகுதி. பள்ளி நன்றாக நடக்கத் தொடங்கிய சில ஆண்டுகளில், நமக்கென்று மேடையேறும் குழு ஒன்று வேண்டும் என்ற ஆசை நிறுவனர்களுக்கு எழுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஆசை நியாயமானதுதான். ஆனால் பள்ளிக்குப் பணம் வரும் வழியும் குழுவிலிருந்து பணம் போகும் வழியும் வேறு வேறு என்பதை அறியாமல் அதில் இறங்குவது இரண்டுக்குமே ஆபத்து. இதை விளங்கிக்கொள்ள, ஐரோப்பியச் செவ்வியல் நடனமான பாலேக்கென நியூயார்க்கில் உள்ள டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் நிறுவனத்தின் வரலாற்றைப் போல உதவும் வேறொன்றை நான் அறியேன்.

அதன் நிறுவனர் ஆர்தர் மிட்செல், 1934இல், நியூயார்க்கில் கறுப்பினத்தவர் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியில் பிறந்தவர். 1955இல் நியூயார்க் சிட்டி பாலே என்ற நடனக் குழுவில் சேர்ந்து, அக்குழுவின் முதன்மைக் கலைஞர் நிலைக்கு உயர்ந்த முதல் கறுப்பினத்தவர். அக்குழுவின் நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்சைன் 1957இல் அமைத்த ‘அகான்’ பாலேயில் வெள்ளையினக் கலைஞரான டயானா ஆடம்ஸுடன் அவர் இணையாக ஆடியது அன்றைய அமெரிக்காவில் எளிதாக ஏற்கப்பட்ட காட்சி அல்ல. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தி வந்தபோது, பிரேசிலில் ஒரு பாலே குழுவை உருவாக்கும் பணிக்காக மிட்செல் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வேற்று நாட்டில் குழு அமைப்பதைவிடத் தாம் வளர்ந்த தெருக்களின் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே முதல் கடமை என்று அப்போது முடிவெடுத்தார். சொந்தச் சேமிப்பைப் போட்டு, தமக்கு ஆசிரியராக இருந்த கேரல் ஷூக்கையும் துணைக்கு அழைத்து, 1969இல் நிறுவனத்தைத் தொடங்கினார்.

முதலில் வந்த பிள்ளைகள் முப்பது பேர். சில மாதங்களில் அது நானூறாயிற்று. ஒரு பழைய கார் கொட்டகையைப் பயிற்சிக்கூடமாக்கி, கதவுகளைத் திறந்தே வைத்துப் பாடம் நடத்தினார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், பிறகு உள்ளே வந்தார்கள். இறுக்கமான பாலே உடைக்குக் கூச்சப்பட்ட பையன்களை, முழங்காலுக்கு மேல் கத்தரித்த ஜீன்ஸோடு ஆட விட்டார் மிட்செல். வகுப்பில் முரசும் ஒலித்தது. ஆனால் கால் நிலைகளிலும் ஒழுங்கிலும் அவர் எதையும் தளர்த்தவில்லை. சமூகத்துக்காக நடத்தும் பள்ளி என்றால் தரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1971 ஜனவரியில் கக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் குழு முறையாக அரங்கேறியது. தொடக்க காலத்தில் ஃபோர்டு அறக்கட்டளையின் மானியம் கைகொடுத்தது. பாலன்சைன் தம் பாலேக்களை ஆட அனுமதி தந்தது எந்தப் பேரேட்டிலும் பதிவாகாத பெரிய உதவி என்றே சொல்வேன். அங்கே பயின்ற ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு, தன்னைப் போன்றவர்கள் தொழில்முறைக் கலைஞர்களாக மேடையில் நிற்பதைப் பார்க்கும் வாய்ப்பு ஊரில் வேறெங்கும் ஏறத்தாழ இல்லை என்பதால், பள்ளியோடு குழுவும் இருக்க வேண்டும் என்ற மிட்செலின் பிடிவாதத்தில் பொருள் இருந்தது.

குழுவின் செலவு எப்படிப்பட்டது என்பதற்கு பாயின்ட் ஷூ எனப்படும் பாலே காலணியைப் பார்த்தாலே போதும். நுனிவிரலில் நிற்க உதவும் அதன் முன்பகுதி துணியும் தாளும் பசையும் அடுக்கடுக்காக வைத்து இறுக்கிச் செய்யப்படுகிறது. வியர்வை பட்டதும் பசை இளகுகிறது; கடினமான வேடம் என்றால் ஒரே நிகழ்ச்சியில் ஒரு சோடி வீணாகிவிடும். இளஞ்சிவப்புக் காலணி வெள்ளையினத் தோலுக்கு ஏற்ற நிறம் என்பதால், ஹார்லெம் குழு 1970களிலிருந்தே காலுறையையும் காலணியையும் ஒவ்வொரு கலைஞரின் தோல்நிறத்துக்கும் ஏற்பச் சாயமிட்டு அணிந்தது. ஒரு சோடிக் காலணியின் விலையோடு சாயமும், அதைப் பூசும் உழைப்பும் சேர்ந்துகொண்டன. இங்கிலாந்தின் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறக் காலணிகளைத் தயாரித்து விற்க 2018 வரை ஆயிற்று.

இதற்கு மேல் கலைஞர் ஊதியம், இசைக்குழு, ஒளியமைப்பு, பயணம், தங்குமிடம் எல்லாம் உண்டு. பொருளியலாளர்கள் பாமோலும் போவனும் 1960களிலேயே இதன் அடிப்படையை விளக்கினார்கள்: ஆலையில் ஒரு பொருளைச் செய்யும் நேரம் குறைந்துகொண்டே வரும், மேடைக்கலையில் குறையாது. 1841இல் பாரிஸில் அரங்கேறிய ‘ஜிசெல்’ பாலேக்கு அன்று தேவைப்பட்ட ஆட்களும் ஒத்திகையும் இன்றும் தேவை. அதை அமெரிக்காவின் லூசியானா மாநிலக் கறுப்பினச் சமூகத்தில் நிகழ்வதாக மாற்றி ஹார்லெம் குழு 1984இல் மேடையேற்றியது. புகழ் குவிந்தது, 1988இல் சோவியத் ஒன்றியம் வரை குழு பயணம் செய்தது. ஆனால் புகழ் வளரும்போது செலவும் வளர்கிறது, நுழைவுச்சீட்டு வருமானம் அதை ஈடுகட்டுவதில்லை. 1990இல் பணமுடையால் குழு சில மாதங்கள் நின்றது. 2004இல் ஏறத்தாழ 23 லட்சம் டாலர் கடனோடு மறுபடி நின்றபோது, மேடைக்குத் திரும்ப 2012 ஆயிற்று. பள்ளியும் ஆட்டம் கண்டதுதான். ஆனால் நன்கொடையாளர்கள் கைகொடுக்க, விரைவில் நிமிர்ந்தது. குழுவின் தொடக்ககாலக் கலைஞரான வர்ஜீனியா ஜான்சன் கலை இயக்குநராகி, 18 கலைஞர்களோடு மட்டுமே குழுவை மீண்டும் கட்டினார். அந்தக் கட்டுப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

நான் தணிக்கை செய்யும் இடங்களில் அடிக்கடி காணும் தவறு இதனோடு தொடர்புடையது. பெற்றோர் ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டிச் செலுத்திய கட்டணத்தை எடுத்து, ஆண்டு நடுவில் ஒரு பெரிய மேடை நிகழ்ச்சிக்குச் செலவிட்டுவிடுகிறார்கள். அந்தப் பணம் இன்னும் நடத்தாத வகுப்புகளுக்கான பொறுப்பு. வகுப்பு நடந்த பிறகே அது வருமானமாகும். அதேபோல, நாம் திரட்டும் தொகைக்கு ஈடாகத் தருவதாகச் சொல்லும் மானியத்தை, நம் பங்கைத் திரட்டும் முன்பே கைக்கு வந்ததாக எண்ணி ஒப்பந்தம் போடக் கூடாது. பள்ளிக்கும் குழுவுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கும் வரவுசெலவுத் திட்டமும் வையுங்கள். ஓராண்டு முழுவதும் ஒரு நிகழ்ச்சிகூட நடக்காவிட்டால் ஆசிரியர் சம்பளமும் கட்டட வாடகையும் எங்கிருந்து வரும் என்பதை, முதல் கலைஞருக்கு நியமனக் கடிதம் தருவதற்கு முன்பே அறங்காவலர் கூட்டத்தில் விவாதித்துத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்.