பனி கரையும்போதே பூக்கும் துலிப்

துலிப் கிழங்கின் ஆயுள் ஓராண்டுதான். ஒரே இடத்தில் பத்து ஆண்டுகளாகப் பூக்கும் செடியைத் தோண்டிப் பார்த்தாலும், உள்ளே இருப்பது போன பருவத்தில் உருவான கிழங்காகத்தான் இருக்கும். வசந்தத்தில் இலையும் பூவும் மேலே வரும்போது, வெங்காயத்தைப் போல அடுக்கடுக்கான அதன் செதில்கள் சேமிப்பை எல்லாம் கொடுத்துவிட்டுக் காய்ந்த சருகாகச் சுருங்கிவிடுகின்றன. அந்தச் செதில்களின் இடுக்கில் இருந்த சிறு மொட்டுகள் அதே நேரத்தில் பருத்துச் சேய்க் கிழங்குகளாகின்றன. அவற்றில் பெரியது தாயின் இடத்துக்கு வருகிறது. இந்த ஆண்டின் பூ போன ஆண்டே முடிவாகிவிட்டது. இப்போது தோட்டத்தில் நாம் செய்யும் வேலை முழுவதும் அடுத்த ஆண்டுக் கிழங்குக்கே போய்ச் சேர்கிறது.

பெரிய பூ வேண்டும் என்று உருவாக்கப்பட்ட கலப்பினத் துலிப்புகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் மங்கிப்போவதற்கும், காட்டு இனங்களும் அவற்றுக்கு நெருங்கிய வகைகளும் நிலைத்து நிற்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. தோட்டக்காரர்கள் இந்த இரண்டாவது கூட்டத்தை ‘பொட்டானிகல் துலிப்’ என்கிறார்கள். கலப்பினக் கிழங்குகள் வழக்கமாக 11, 12 செ.மீ. சுற்றளவில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் சேய்கள் சிறுத்துவிட்டால் மறு வசந்தத்தில் பூ இருக்காது; அகலமான ஒற்றை இலை மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த ஒற்றை இலையைக் கண்டாலே கிழங்கு பூக்கும் அளவை எட்டவில்லை என்று பொருள். டார்டா, ஹ்யூமிலிஸ், டர்கெஸ்தானிகா போன்ற காட்டு இனங்களோ 5, 6 செ.மீ. சுற்றளவிலேயே பூத்துவிடும். சேய்கள் சற்று மெலிந்தாலும் பூவுக்குக் குறைவில்லை.

இந்தக் காட்டு இனங்கள் பனி கரையும்போதே முந்திப் பூப்பதற்குப் பிறந்த மண்தான் காரணம். துலிப் இனங்கள் மிகுதியாகக் காணப்படுவது மத்திய ஆசியாவின் தியான் ஷான், பாமிர்-அலாய் மலைத்தொடர்களில். அங்கே பனி உருகி மண் நனைந்திருக்கும் காலம் குறுகியது. கோடை தொடங்கியதும் சரிவுகள் எலும்பாகக் காய்ந்துவிடும். முளைத்து, பூத்து, விதை முற்றி, புதுக் கிழங்கை நிரப்பி முடிக்க அந்தச் செடிக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அதனால் அது எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்துவைக்கிறது. மேலே எதுவும் தெரியாத கோடையில், மண்ணுக்குள் கிழங்கின் நடுவே அடுத்த பூ உருவாகிறது. இதற்கு 17 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பம் உகந்தது. இலையுதிர் காலத்தில் ஒரு கிழங்கை நெடுக்காக வெட்டினால் இதழ்கள், மகரந்தத் தாள்கள், சூலகம் எல்லாம் மிகச் சிறிய உருவில் முழுமையாக இருப்பதைப் பார்க்கலாம்.

பூ உருவாகிவிட்டாலும் அதைத் தூக்கி நிறுத்தும் தண்டு நீளக் குளிர் வேண்டும். பெரும்பாலான வகைகளுக்கு 2 முதல் 9 டிகிரியில் 12 முதல் 16 வாரம். இந்தக் குளிரில் செதில்களில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாகப் பிரிகிறது. வளர்ச்சி ஊக்கியான ஜிப்ரெலினுக்குத் தண்டின் செல்கள் இணங்கத் தொடங்குகின்றன. குளிர் போதாவிட்டால் பூ இலைகளுக்குள்ளேயே குறுகி நிற்கும், அல்லது மொட்டிலேயே கருகும். குளிர்காலம் மிதமான இடங்களில் குளூசியானா, சாக்சாடிலிஸ் ஆகிய இரண்டு காட்டு இனங்களையும் தேர்ந்தெடுப்பது நல்லது. இவற்றுக்குக் குறைந்த குளிரே போதும். மற்றவற்றைக் காகிதப் பையில் இட்டு 4, 5 டிகிரியில் குளிர்ப்பெட்டியில் வைத்து நடலாம். ஆனால் அதே பெட்டியில் ஆப்பிளோ வேறு பழுத்த பழமோ இருக்கவே கூடாது. பழம் வெளியிடும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் பூவைக் கொன்றுவிடும். கிழங்கோ வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.

வகைகளில் முதலில் நிற்பது காஃப்மானியானா. 15 முதல் 25 செ.மீ. உயரம், வெயிலில் அல்லிப்பூப் போல மல்லாந்து விரியும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய எட்வார்ட் ரேகல் 1877இல் இதற்கு, ரஷ்யப் பேரரசின் மத்திய ஆசியப் பகுதியான துர்கிஸ்தானின் ஆளுநராக இருந்த காஃப்மனின் பெயரை வைத்தார். அவரே 1873இல் விவரித்த கிரேகி, ஊதாக் கோடு ஓடும் இலைகளாலேயே அடையாளம் தெரியும். காஃப்மானியானாவுக்குச் சற்றுப் பிந்தும். ஃபாஸ்டரியானா உயரமும் பூவின் அளவும் கூடியது. டர்கெஸ்தானிகா ஒரே தண்டில் பல வெண்பூக்களை, மஞ்சள் நடுவோடு, பனி விலகும் தறுவாயிலேயே திறக்கும். இடம் சிறியது என்றால் இதையும் டார்டாவையும் சேர்த்து நடுவதே சிறந்த தொடக்கம்: ஒன்று முடியும் நேரத்தில் மற்றது வரும்.

நடும் நேரத்தை நாள்காட்டியைவிட மண்ணின் வெப்பம் சரியாகச் சொல்லும். 10 செ.மீ. ஆழத்தில் மண் 10 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். குளிர்காலம் உறையும் நாடுகளில், வட அரைக்கோளத்தில் இது பெரும்பாலும் அக்டோபர் இறுதிக்கும் நவம்பர் இறுதிக்கும் இடையே அமையும். முந்தி நட்டால் கதகதப்பான மண்ணில் ஃப்யூசேரியம் பூஞ்சை கிழங்கை அழுகவைக்கும். மிகவும் பிந்தினால் மண் உறைவதற்குள் வேர்விட நேரம் இருக்காது. இந்த வேர்கள் தனித்தன்மை உடையவை: கிளைப்பதில்லை, அறுந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஆகவே நட்ட கிழங்கைக் குளிர்காலத்திலோ வசந்தத்திலோ இடம் மாற்றினால் அந்த ஆண்டு போனதுதான்.

ஆழம், கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. சிறு இனங்களுக்கு 10 முதல் 12 செ.மீ., கிரேகி, ஃபாஸ்டரியானாவுக்கு 15 செ.மீ. அளவைக் கிழங்கின் நுனியிலிருந்து அல்லாமல் அடியிலிருந்து எடுக்க வேண்டும். 30 செ.மீ. அகல வட்டத்தில் டார்டாவோ ஹ்யூமிலிஸோ 12 கிழங்கு வைக்கலாம், கிரேகி என்றால் 6. மேலோட்டமாக நட்டால் இளங்கிழங்குகள் சும்மா இருப்பதில்லை. தடித்த குழாய் போன்ற ஒரு உறுப்பைக் கீழ்நோக்கி அனுப்பி, அதன் நுனியில் புதுக் கிழங்கை அமைத்து ஆழம் தேடும். அந்தப் பயணத்துக்குச் செலவாகும் சத்து பூவுக்குக் கிடைக்காது.

மண்ணில் நீர் தேங்கக் கூடாது என்பதில் எந்தச் சமரசமும் வேண்டாம். களிமண்ணில் கைப்பிடி மணலைக் கலப்பது பயனற்றது. 20 முதல் 25 செ.மீ. உயரத்துக்கு மேடை கட்டி, தோட்டமண் இரண்டு பங்கு, பருமணலோ பொடிச்சரளையோ ஒரு பங்கு, மக்கிய இலைத்தூள் ஒரு பங்கு எனக் கலந்து நிரப்புவதே தீர்வு. மண்ணின் அமில-கார அளவு (பி.எச்.) 6.5 முதல் 7.5 வரை. வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் விழ வேண்டும். பச்சைச் சாணம் ஆகவே ஆகாது. தளிர் தலைகாட்டியதும், தழைச்சத்து குறைந்து சாம்பல்சத்து மிகுந்த உரத்தைச் சதுர மீட்டருக்கு 30 கிராம் தூவினால் போதும்.

பலர் தவறுவது பூ உதிர்ந்த பிறகு. வாடிய பூவைக் காய் பிடிக்காமல் கிள்ளிவிட வேண்டும், ஆனால் தண்டையும் இலையையும் தொடக் கூடாது. அடுத்த ஐந்தாறு வாரங்களில்தான் இலைகள் தயாரிக்கும் உணவு சேய்க் கிழங்குகளுக்குள் இறங்குகிறது. அழகில்லை என்று இலையை அறுப்பதும் அதை முடிச்சுப் போடுவதும் அடுத்த ஆண்டுப் பூவை அறுப்பதற்குச் சமம். இலை முழுவதும் மஞ்சளானபின் நீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். கோடை முழுவதும் அந்த இடம் காய்ந்தே இருக்க வேண்டும். அன்றாடம் நீர் பாயும் புல்வெளியோரத்தில் எந்தக் காட்டுத் துலிப்பும் நீடிக்காது. அத்தகைய இடமே கிடைக்கும் என்றால், இலை காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, காற்றோட்டமான வலைப்பையில் 20 டிகிரி அளவில் இலையுதிர் காலம் வரை வைத்திருங்கள். தோண்டும்போது புளித்த வாடை அடிக்கும் கிழங்கை உடனே எறியுங்கள்: அது ஃப்யூசேரியம் தாக்கியது, வெளியிடும் எத்திலீனால் பக்கத்துக் கிழங்குகளின் பூவையும் கெடுக்கும். கையுறை அணிவது நலம். கிழங்கிலும் தண்டிலும் உள்ள டியூலிபோசைடு என்ற வேதிப்பொருள் தோலில் எரிச்சலையும் வெடிப்பையும் உண்டாக்கும்.

வசந்தத்தில் இலைகள் முறுக்கி, தீய்ந்ததுபோல் வெளிவந்தால் அது பொட்ரைடிஸ் பூஞ்சை. அந்தச் செடியைக் கிழங்கோடு அகற்றி, மூன்று ஆண்டுகளுக்கு அங்கே துலிப் நடாமல் விட வேண்டும். ஒரே நிறப் பூவில் திடீரென வெளிர்க் கோடுகள் விழுந்தால் வைரஸ். அசுவினி பரப்பும் இந்த நோய் ஒரு கிழங்கிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றக்கூடியது என்பதை 1920களின் இறுதியில் பிரிட்டன் பூஞ்சையியலாளர் டோரதி கெய்லி காட்டினார். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால் மற்றவற்றுக்கும் தொற்றும். எலிகள் துலிப் கிழங்கை விரும்பித் தின்னும், 12 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலையைக் குழியின் அடியிலும் பக்கங்களிலும் விரித்து நடுவது நம்பகமான காப்பு.

பூ காலையில் விரிந்து மாலையில் மூடுவதற்கு வெப்பம் காரணம். இதழின் உட்புறச் செல்கள் கதகதப்பிலும் வெளிப்புறச் செல்கள் குளிர்ச்சியிலும் வேகமாக நீள்கின்றன. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் இதழ் கொஞ்சம் வளர்கிறது. முதல் நாள் பூவைவிடக் கடைசி நாள் பூ பெரிதாகத் தெரிவது இதனால்தான். மேகமூட்டமான குளிர்நாளில் காஃப்மானியானா மொட்டாகவே நின்றால் குறை ஒன்றும் இல்லை, வெயில் வந்ததும் விரியும்.

விதையிலிருந்து வளர்க்க விரும்புவோர் ஓரிரு காய்களை மட்டும் முற்ற விடலாம். இலையுதிர் காலத்தில் ஆழமான தொட்டியில் விதைத்து வெளியிலேயே குளிர்படும்படி வைத்தால், வசந்தத்தில் புல்லிதழ் போன்ற ஒற்றை இலை வரும். முதல் பூவுக்கு 4 முதல் 7 ஆண்டுகள் ஆகும். முதல் இரண்டு ஆண்டுகள் தொட்டியைக் கலைக்காதீர்கள்; அந்தச் சிறு கிழங்குகள் ஒவ்வொரு பருவமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.