பிரீமியம்: பரிசாக இருந்த சொல் கட்டணமானது எப்படி?

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் குறுஞ்செய்தியில் 'பிரீமியம்' என்றிருந்தால் நாம் கட்ட வேண்டிய பணம். பெட்ரோல் பங்க்கில் அதே சொல் இருந்தால் உசத்திச் சரக்கு. பங்குச் சந்தைச் செய்தியில் 'பிரீமியத்தில் விற்றது' என்றால் முகமதிப்புக்கு மேல் விலை போனது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

லத்தீனில் 'பிரே' என்றால் முன், 'எமெரே' என்றால் எடுத்துக்கொள், வாங்கு. இரண்டும் சேர்ந்து பிறந்த 'பிரேமியம்', முந்தி எடுத்துக்கொள்ளும் பொருளைக் குறித்தது. போரில் கிடைத்த பொருளுக்கு வழங்கிய சொல் பின்னர் பரிசு, வெகுமதி என்று விரிந்தது. இத்தாலிய மொழியில் 'பிரேமியோ' என்றால் இன்றைக்கும் பரிசுதான். இன்சூரன்ஸ் கட்டணமும் அதே 'பிரேமியோ'தான்.

இதற்குக் காரணம் கடல் வணிகம். கிடைத்திருக்கும் மிகப் பழைய காப்பீட்டு ஒப்பந்தங்களில் ஒன்று 1347இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் எழுதப்பட்டது. வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்த காலம் என்பதால் அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை வட்டியில்லாக் கடன் பத்திரம் போல எழுதிக்கொண்டார்கள். கப்பல் மூழ்கினால் நட்டம் என்னுடையது என்று ஒருவர் பொறுப்பேற்கிறார்; அதற்கு அவருக்குக் கிடைக்கும் வெகுமதி 'பிரேமியோ'. பரிசு வாங்கியவர் பொறுப்பேற்றவர், கொடுத்தவர் கப்பல்காரர். 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பொருளோடு ஆங்கிலத்துக்குப் போன சொல், அங்கிருந்து நம்மிடம் வந்தது. எல்.ஐ.சி. ஏஜென்ட் திண்ணையில் உட்கார்ந்து "பிரீமியம் கட்டியாச்சாங்க?" என்று கேட்டுக் கேட்டே அது தமிழாகிவிட்டது.

சொல்லுக்குள் இருக்கும் அந்த 'முன்' வெறும் அலங்காரம் அல்ல. 1938ஆம் ஆண்டு இந்தியக் காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு சொல்வதும் அதைத்தான்: கட்டணம் முன்கூட்டி வந்து சேராமல் நிறுவனம் பொறுப்பேற்கக் கூடாது. மின்கட்டணத்தைப் போலப் பயன்படுத்திவிட்டுப் பிறகு கட்டும் பணம் அல்ல இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? செய்திகளில் அதிகம் பார்ப்பது 'காப்பீட்டுத் தொகை'. இது எனக்குக் கொஞ்சமும் ஒப்பாத சொல். "காப்பீட்டுத் தொகை உயர்வு" என்று தலைப்புப் போட்டால் நாம் கட்டுவது உயர்ந்ததா, நமக்குக் கிடைப்பது உயர்ந்ததா? ஒன்று கெட்ட செய்தி, மற்றது நல்ல செய்தி. இழப்புக்கு எதிராக எவ்வளவுக்குக் காப்புச் செய்திருக்கிறோமோ அதுதான் காப்பீட்டுத் தொகை. நாம் கட்டுவதற்கு வேறு பெயர் வேண்டும்.

'தவணை' என்றும் சொல்கிறார்கள். ஆயுள் காப்பீட்டுக்கு அது ஓரளவு பொருந்தும். கார் விஷயத்தில் ஆபத்து. தவணை என்றாலே நாலு நாள் தள்ளிப்போனால் அபராதம் கட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வந்துவிடும். வாகனக் காப்பீட்டில் பாலிசி முடிந்த மறுநிமிடமே காப்பு கிடையாது. எல்லோரும் சொல்லும் 90 நாள் சலுகை, இழப்பீடு கேட்காமல் சேர்த்து வைத்த தள்ளுபடியைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும்தான். அந்த இடைவெளியில் இடித்தால் செலவு முழுக்க நம் தலையில்.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'முனைமம்' நினைவிருக்கும். பங்குகளை முனைமத்தில் வெளியிடுதல் என்று பதிவுகள் போட்டிருப்பார்கள். முகமதிப்புக்கு மேலான தொகைக்கு அது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். ஆனால் "கார் முனைமம் ஏறிடுச்சு" என்று எந்தத் தமிழர் வாயிலும் வராது. இலங்கையில் இன்சூரன்ஸே 'காப்புறுதி'. அந்தச் சொல்லில் இருக்கும் உறுதி நம் 'காப்பீட்டில்' இல்லை என்று எனக்கு ஒரு சின்னப் பொறாமை உண்டு.

என் தேர்வு 'காப்புக் கட்டணம்'. வரி கட்டு, வட்டி கட்டு என்று நாம் பேசும் 'கட்டு' இதில் இருக்கிறது. காப்போ தமிழில் எப்போதும் முதலில் வருவது. நூலுக்கு முன்னால் காப்புச் செய்யுள். அம்மன் கோயில் திருவிழா தொடங்கும் முன் காப்புக் கட்டு. லத்தீன் வேரில் உள்ள 'முன்' இப்படி நம் வழியிலேயே சொல்லுக்குள் வந்துவிடுகிறது. முழுப் பெயர் வேண்டும் என்பவர்கள் காப்பீட்டுக் கட்டணம் என்று எழுதலாம், தவறில்லை.

இனி அந்தக் கட்டணம் ஏன் ஏறுகிறது, எங்கே குறைக்க முடியும் என்பது. பாலிசித் தாளில் அது ஒரே எண்ணாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கட்டணங்கள் உண்டு. ஒன்று மூன்றாம் நபர் காப்பு, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கானது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். விகிதத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் வந்த விகிதத்தில் 1000 சிசி வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் இதே தொகை. பேரம் பேசிப் பயனில்லை.

மற்றது சொந்தச் சேதக் காப்பு, நம் வண்டிக்கே நேரும் சேதத்துக்கானது. கட்டண வேறுபாடெல்லாம் இங்கேதான். 2007 ஜனவரியில் விலைக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம் விலை மாறும். பம்பருக்குள் சென்சாரும் கேமராவும் வந்துவிட்டதால் சின்ன இடிக்கும் பில் பெரிதாகிறது. சென்னையில் 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் எத்தனை கார்களை மூழ்கடித்தன என்பதை நிறுவனங்கள் மறந்துவிடாது.

இதில் நம் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் 'நோ கிளைம் போனஸ்'. பெயரைப் பார்த்தால் யாரோ பணம் தருவதுபோல் இருக்கும், உண்மையில் தள்ளுபடி. இழப்பீடு கேட்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி 50இல் நிற்கும். கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள். 1200 சிசி கார், சொந்தச் சேதக் கட்டணம் 8,000 என்று வையுங்கள். பாதி தள்ளுபடி போக 4,000. மூன்றாம் நபர் 3,416 சேர்த்து 7,416; 18 சதவீத ஜிஎஸ்டியோடு சுமார் 8,751. இப்போது கதவில் ஒரு கீறல், சரிசெய்ய 4,000 ஆகிறது, கிளைம் போடுகிறீர்கள். நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக மற்றதெல்லாம் கிடைத்தாலும் கையில் 3,000. அடுத்த புதுப்பிப்பில் தள்ளுபடி முழுவதும் போய்விடும். கட்டணம் ஏறக்குறைய 13,471. மூவாயிரத்துக்காக 4,720 போயிற்று, அதற்கடுத்த ஆண்டும் 20 சதவீதத்திலிருந்துதான் ஏற வேண்டும். இந்தத் தள்ளுபடி காருக்கு அல்ல, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதிது வாங்கும்போது கேட்டு வாங்கி மாற்றிக்கொள்ளலாம், பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏஜென்ட் 'ஐடிவி'யைக் குறைத்துக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டினால் கவனம். அது காரின் அறிவிக்கப்பட்ட மதிப்பு. பழுதுச் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கிட்டு அந்த மதிப்பை வைத்தே தீர்த்துவிடுவார்கள்.

வீட்டுக் காப்பில் நேர்மாறான தவறு நடக்கிறது; மதிப்பைக் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். 80 லட்சத்துக்கு வாங்கிய ஃபிளாட் என்றால் 80 லட்சத்துக்கே காப்பு. நிலம் எரியுமா? 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக் காப்பீட்டு (ஆயுள் அல்லாத, வீடு, வாகனம் போன்றவற்றுக்குக் காப்புத் தரும்) நிறுவனங்களும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுதான் கணக்கு. 1,000 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம் போதும். வீட்டுப் பொருள்களுக்குத் தனியாகப் பட்டியல் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகச் சேரும். இந்தக் கணக்கில் 5 லட்சம். நகை இதில் வராது, அதற்குக் கூடுதல் கட்டணம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும்.